இரவல் பெயர்களின் ஊர்

தென்னகத்தின் சிரபுஞ்சி, டிவியில் வந்த மால்குடி, ராஜநாகத்தின் தலைநகர்... ஊரார் வைக்காத மூன்று பெயர்களைச் சுமந்துகொண்டு மழையில் நிற்கிறது ஆகும்பே.

கன்னடத்தில் மலைக்கு ‘மலெ’, மழைக்கு ‘மளெ’. ‘மலெநாடு’ என்று அவர்கள் சொல்லும்போது காது கொஞ்சம் அசந்தால் ‘மழைநாடு’ என்றே விழும். ஆகும்பேயைப் பொறுத்தவரை எப்படிக் கேட்டுக்கொண்டாலும் தப்பில்லை.

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம், தீர்த்தஹள்ளி வட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஆகும்பே. ஊர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கடைத்தெரு, பஸ் நிற்கும் முக்கு, சோதனைச் சாவடி, சாய்வான ஓட்டு வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் பாக்குத் தோப்பு, தோப்புக்குப் பின்னால் காடு. பத்து நிமிடம் நடந்தால் ஊர் முடிந்துவிடும். மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் மலையே முடிந்துவிடும். தரை அறுந்து சரிவாக விழ, கீழே சோமேஸ்வரம், ஹெப்ரி, அப்பால் உடுப்பி, அதற்கும் அப்பால் அரபிக்கடல்.

இந்தச் சின்ன ஊருக்கு வெளியூர்க்காரர்கள் கொடுத்த பட்டங்கள்தான் எத்தனை! வானிலை பார்க்கிறவர்களுக்கு இது தென்னகத்தின் சிரபுஞ்சி. எண்பதுகளில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மால்குடி. பாம்பு ஆர்வலர்களுக்கு ராஜநாகத்தின் தலைநகர். மேகாலயத்திலிருந்து ஒன்று, கதைப் புத்தகத்திலிருந்து ஒன்று, பாம்பிடமிருந்து ஒன்று. மூன்றுமே இரவல். சுற்றுலாப் பயணிகள் இந்தப் பெயர்களைத் தேடித்தான் வருகிறார்கள். ஊர்க்காரர்களோ பாக்கு என்ன விலை போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வருட மழை, ஒரே மாதத்தில்

ஆகும்பேயின் ஆண்டுச் சராசரி மழை 7,600 மி.மீ.யை ஒட்டி வரும். சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த எண்ணைப் படியுங்கள். 1946 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் ஆகும்பேயில் பதிவான மழை 4,508 மி.மீ. சென்னையில் மூன்று வருடம் பெய்ய வேண்டியது முப்பத்தோரு நாளில் கொட்டித் தீர்த்திருக்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 145 மி.மீ. நம் ஊரில் ஒரே ஒரு நாள் அவ்வளவு பெய்தால் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, தெருவில் படகு, டிவியில் ரெயின்கோட் போட்ட நிருபர். அங்கே அன்றைக்கும் யாரோ மாட்டைக் கறந்திருப்பார்கள், நாற்று நட்டிருப்பார்கள்.

காரணம் புரியாத விஷயமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தை மொண்டுகொண்டு வருகிறது. கடற்கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம் தட்டையான நிலம். அதன்பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் செங்குத்தாக ஒரு மலைச்சுவர். தாண்ட வேண்டுமானால் காற்று மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏற ஏறக் குளிர்கிறது, குளிரக் குளிரச் சுமந்த நீரை இறக்கிவைக்கிறது. இறக்கிவைக்கும் வாசல்களில் ஒன்று ஆகும்பே. கிழக்கே தீர்த்தஹள்ளி தாண்டி சிவமொக்கா நகரத்துக்குப் போய்ச் சேரும்போது காற்றிடம் பெரிதாக மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

சிரபுஞ்சிப் பட்டத்துக்கு இப்போது பங்காளிச் சண்டை உண்டு. அதே மாவட்டத்தில் ஹொசநகர வட்டத்தின் ஹுலிக்கல், அண்மை ஆண்டுகள் பலவற்றில் ஆகும்பேயை முந்தியிருக்கிறது. நம் வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாரையும் இதே பட்டம் சொல்லித்தான் நாம் அழைக்கிறோம். அசல் சிரபுஞ்சியின் சராசரி 11,700 மி.மீ.க்கும் மேல். அவர்கள் இந்தச் சண்டையைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள்.

எண்களைவிட எனக்குப் பிடித்தது மழைக்கான ஏற்பாடுகள். ஜூன் பிறப்பதற்குள் விறகு கூரைக்கடியில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். பலாப்பழ அப்பளமும் வடகமும் கோடை வெயிலிலேயே காய்ந்து டப்பாவுக்குள் போயிருக்க வேண்டும். ‘அப்பெமிடி’ என்கிற வாசனை மாவடு ஜாடியில் ஊறியிருக்க வேண்டும். வீட்டில் சாரல் அடிக்கும் பக்கத்துக்குப் பாக்கு மட்டையாலும் ஓலையாலும் தட்டி கட்டுவார்கள். இல்லாவிட்டால் மண்சுவர் கரைந்துவிடும். கம்பளியைத் தலைக்குமேல் கூம்பாக மடித்துப் போட்டுக்கொண்டால் அது ‘கம்பளி கொப்பெ’, ஆண்களின் குடை. நாற்று நடும் பெண்களுக்கு ‘கொரபு’. மூங்கில் சட்டத்தில் இலை வைத்துப் பின்னிய, முதுகை மூடும் ஓடு. ஆமை மாதிரி குனிந்து நின்றால் இரண்டு கையும் வேலைக்குச் சும்மா கிடைக்கும். இப்போது பிளாஸ்டிக் உறைகள் வந்துவிட்டன. கொரபு பெரும்பாலும் ரிசார்ட் சுவர்களில் அலங்காரமாகத் தொங்குகிறது.

மழைக்காலத்துக்கென்று தனிச் சமையலும் உண்டு. முதல் மழைக்கு முளைக்கும் மூங்கில் குருத்து ‘களலெ’. அதை அப்படியே சாப்பிட முடியாது, நச்சு. நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, அதன்பிறகுதான் குழம்பில் போடுவார்கள். சேம்பு இலையில் அரிசி மசாலாவைத் தடவிச் சுருட்டி வேகவைத்தால் ‘பத்ரொடெ’. சூடான அரிசிக் கடுபு. வெளியே போய்விட்டு வருகிறவருக்குக் கஷாயம். துணிகள் அடுப்புக்கு மேலே காய்கின்றன. ஆகவே ஜூலையில் மலெநாட்டுக்காரர் யார்மீதும் லேசாகப் புகை வாசனை வரும்.

ஊரின் பிரபலமான சுற்றுலா இடம் எது தெரியுமா? சூரியாஸ்தமனக் காட்சி முனை. மழையில்லாத காலத்தில் தெளிவான மாலை அமைந்தால் தூரத்தில் அரபிக்கடல் தகதகக்க, சூரியன் அதற்குள் இறங்குவதைக் காணலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே போனால் வெள்ளை மேகம். எதிரில் நிற்பவர்கூடத் தெரிய மாட்டார். அப்போதும் கூட்டம் போகிறது, மேகத்தோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறது.

பதினான்கு வளைவுகள்

அந்தக் காட்சி முனையைத் தாண்டித்தான் மலைப்பாதை கீழே இறங்குகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பார்த்த நமக்கு எண்ணிக்கை அற்பமாகப் படலாம். இங்கே பயம் எண்ணிக்கையில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வளைவும் அவ்வளவு இறுக்கம். நீளமான பஸ் திரும்பாது என்பதாலேயே மினி பஸ்கள் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. கடும் மழையில் மண் சரிந்தால் கனரக வாகனங்களுக்குத் தடை போட்டுவிடுவார்கள். பிரசவமோ மாரடைப்போ, பெரிய ஆஸ்பத்திரி கீழே உடுப்பி, மணிப்பால் பக்கம். பாதை அடைபட்டால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே சுரங்கப்பாதை போடலாம் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. மலையைக் குடைந்தால் ஊற்றுக்கண்கள் என்னவாகும் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் எனக்கு இதில் சட்டென்று ஒரு கட்சி எடுக்க முடியவில்லை.

ஊரின் தலைக்குமேல் ஓடும் மலைமுகடுதான் நீருக்கும் எல்லை. மேற்குச் சரிவில் விழும் துளி சீதா நதியில் இறங்கி, சில மணி நேரத்திலேயே அரபிக்கடலை எட்டிவிடும். சற்று கிழக்கே விழுந்த துளிக்கு வேறு விதி. அது துங்காவில் சேர்ந்து, தீர்த்தஹள்ளி வழியே போய், பத்ராவைக் கூடித் துங்கபத்ராவாகி, ஹம்பியின் பாறைகளைத் தொட்டு, கிருஷ்ணாவில் கலந்து, வங்காள விரிகுடா வரை நடக்க வேண்டும். ஒரே மேகத்தின் பிள்ளைகளில் ஒன்று பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட, மற்றொன்று தீபகற்பத்தையே குறுக்கே கடக்கிறது.

மேற்கே இறங்குபவை அருவிகளாகின்றன. சீதா நதியின் பர்கணா, ஒனகெ அப்பி என்று பட்டியல் நீளும். இதில் ஒரு சோகக் கதை குஞ்சிக்கல் அருவி. வராஹி ஆற்றின்மேல் படிப்படியாக 455 மீட்டர் இறங்கும், இந்தியாவிலேயே உயரமானது என்று பொது அறிவுப் புத்தகங்களில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அருவி. வராஹி நீர்மின் திட்டத்துக்காக மாணி அணை கட்டியபிறகு ஆற்று நீர் நிலத்தடி மின்நிலையத்துக்குப் போகிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அருவி பெரும்பாலும் பாறைதான்.

ரயிலடி இல்லாத மால்குடி

ஆர்.கே.நாராயண் 1906-இல் சென்னையில் பிறந்த தமிழர். வாழ்ந்தது மைசூரில், எழுதியது ஆங்கிலத்தில், ஊர் கற்பனையில். மால்குடி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பிடிகொடுக்காமலே வாழ்ந்து முடித்தார். அந்தக் கற்பனை ஊருக்கு 1986-இல் ஒரு முகவரி கிடைத்தது. கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக், தூர்தர்ஷனுக்காக ‘மால்குடி டேஸ்’ தொடரை எடுக்க ஆகும்பேயைத் தேர்ந்தெடுத்தார். கடைத்தெருவே செட் ஆனது. ‘தொட்டமனெ’ என்று ஊரார் அழைக்கும் நூற்றாண்டு தாண்டிய பெரிய வீடு, நடுமுற்றமும் மரத்தூண்களுமாக, கதைச் சிறுவன் சாமியின் வீடானது. மாஸ்டர் மஞ்சுநாத் சாமியாக ஓடித் திரிந்தான். கிரீஷ் கர்னாட் கண்டிப்பான அப்பாவாக மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நாராயணின் தம்பி ஆர்.கே.லக்ஷ்மண் முகப்புக் கோட்டோவியங்களை வரைந்தார். இசை நம் எல்.வைத்தியநாதன். அந்த முகப்பு இசையின் முணுமுணுப்பு இன்று நாற்பது தாண்டிய யாரிடம் கேட்டாலும் உதட்டில் வந்துவிடும்.

மழைக் காட்டு ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்? மால்குடி கதைகளில் ஆறு உண்டு, மேம்பி மலைக்காடு உண்டு. ஆனால் விடாத மழையும் அட்டையும் உள்ள ஊர் அதுவல்ல. எனக்குத் தோன்றும் காரணம் எளிது. எண்பதுகளின் நடுவில், முப்பதுகளின் இந்தியா மாதிரி தோற்றமளிக்க, விளம்பரப் பலகையும் கான்கிரீட்டும் தொடாத ஒரு தெரு வேண்டியிருந்தது. பாதை கரடுமுரடாக இருந்ததால் அப்படி ஒரு தெரு ஆகும்பேயில் மிஞ்சியிருந்தது. எட்டாத தூரம்தான் அந்த ஊரின் தகுதியாக அமைந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. மால்குடி என்றால் ரயிலடி வேண்டும். நாராயணுக்கு அந்த ஊர் முதலில் தோன்றியதே ஒரு ரயில் நிலையமாகத்தான். ஆகும்பேக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ரயில் காட்சிகளுக்காக சிவமொக்கா-தாளகுப்பா பாதையில் இருக்கும் அரசாளு என்ற குட்டி நிலையத்துக்குப் போனார்கள். அந்த நிலையத்தின் பழைய கட்டடம் 2020-இல் ‘மால்குடி அருங்காட்சியகம்’ ஆகிவிட்டது. ஆக, கற்பனை ஊரின் வீடு ஓரிடத்தில், ரயிலடி வேறோர் இடத்தில். சங்கர் நாக் 1990-இல் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. தொட்டமனெ இன்னும் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தொடர் வந்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள்.

இலக்கியமென்று பார்த்தால் இந்த மண்ணுக்கு இரவல் தேவையே இல்லை. குவெம்பு வளர்ந்த குப்பளி இதே தீர்த்தஹள்ளி வட்டம். ‘மலெகளல்லி மதுமகளு’ நாவலில் வரும் காடு, இந்த மலைகளின் காடு. யு.ஆர்.அனந்தமூர்த்தி பிறந்த மேளிகெயும் இங்கேதான். சொந்தமாக இரண்டு ஞானபீட விருதாளர்கள் இருக்கும் மண்ணை உலகம் ஓர் ஆங்கிலக் கதையின் பெயரால் அடையாளம் காண்பதில் ஒரு குறும்பு இருக்கத்தான் செய்கிறது.

பாக்கு

இனி யாரும் பட்டம் கொடுக்காத விஷயத்துக்கு வருவோம். மலெநாட்டின் அரிசியும் பள்ளிக் கட்டணமும் கல்யாணச் செலவும் பாக்கு மரத்தின் உச்சியில் தொங்குகின்றன. அந்த உச்சிக்கு எதிரி, ஊருக்குப் பெயர் வாங்கித்தந்த அதே மழை. இடைவிடாமல் பெய்யும்போது குலைகளில் பூஞ்சைபோன்ற ஒரு கிருமி பரவி, இளங்காய்கள் அழுகி உதிரும். ‘கொளெ ரோகா’, அழுகல் நோய். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் வருட வருமானம் தரையில் கிடக்கும்.

பழைய காலத்தில் ஒவ்வொரு குலைக்கும் புல்லால் முடைந்த ‘கொட்டெ’ என்ற தொப்பியைக் கட்டினார்கள். 1908-இல் மைசூர் சமஸ்தானத்துக்குப் பூச்சியியல், பூஞ்சையியல் நிபுணராக வந்த கனடாக்காரர் லெஸ்லி கோல்மன் இந்த நோயின் மூலத்தை ஆராய்ந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளித்தால் குலை பிழைக்கும் என்று காட்டினார். நூறு வருடத்துக்கு மேலாகியும் வைத்தியம் மாறவில்லை. மழை தொடங்குமுன் ஒருமுறை, இடையில் வெக்கை கிடைத்தால் மறுமுறை என்று, வழுக்கும் மரத்தில் ஏறி நீல மருந்தடிக்கிறார்கள். ஏறத் தெரிந்தவர்களுக்கு அந்த மாதங்களில் ராஜ மரியாதை. அவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதால், தரையில் நின்று நீட்டும் கார்பன் ஃபைபர் கம்புகள் தோப்புகளுக்குள் வந்திருக்கின்றன.

அறுவடை வந்தால் வீடு தொழிற்சாலையாகிவிடும். காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ளும் ‘மெட்டுகத்தி’யில், நம் அரிவாள்மனையின் சொந்தக்காரி போலிருக்கும் அதில், பெண்கள் பச்சைப் பாக்கை உரிப்பார்கள். பேச்சும் பாட்டுமாக இரவு நீளும். உரித்ததைப் பெரிய அண்டாவில் ‘சொகரு’ என்ற சிவந்த கஷாயத்தில் வேகவைத்துப் பரண்போல் உயர்த்திய பந்தலில் காயப்போடுவார்கள். சிவமொக்கா மண்டியில் அது சரக்கு, பெட்டெ, ராசி, கொரபலு என்று ரகம் பிரியும். வெற்றிலைப் பெட்டி திறக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் சிவப்புச் சாயப் பாக்கு அந்நியமில்லை. ஆனால் அந்தப் பாக்கு இன்று பெரும்பாலும் போய்ச் சேருவது வட இந்தியாவின் பான் மசாலா ஆலைகளுக்கு. வாய்ப்புற்றுநோய்க்கும் பாக்குக்குமான தொடர்பு மருத்துவ உலகில் உறுதியான விஷயம். இந்த ஊரின் சோறு அதில் இருக்கிறது என்பதும் உறுதியான விஷயம். தோப்புக்காரர்கள் இதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை, அதில் வியப்பும் இல்லை.

இப்போது புதிய கவலை இலைப்புள்ளி நோய். தீர்த்தஹள்ளி, சிருங்கேரி, கொப்பா வட்டாரங்களில் மட்டைகள் புள்ளி விழுந்து கருகுகின்றன. போதாததற்கு மஞ்சள் இலை நோய். பாக்கை விட்டால் மிளகு, காப்பி. அதையும் விட்டால் பெங்களூரு.

கானும் சட்டமும்

‘ரெயின்ஃபாரஸ்ட்’ என்று பலகைகள் சொல்லும். மலெநாட்டில் என்றும் பசுமை மாறாத இந்த அடர்காட்டுக்குக் ‘கானு’ என்று பெயர். நம் சங்கப் பாடல்களின் ‘கான்’ என்ற சொல்தான். நமக்குப் புத்தகத்தில் மிஞ்சியது அவர்களுக்குப் பேச்சில் உயிரோடிருக்கிறது. கானில் மிளகுக்கொடி ஏறும், காட்டு ஜாதிக்காய் காய்க்கும், குங்கிலிய மரம் பிசின் வடிக்கும்.

நான் இந்தக் காட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் பாம்பு நினைவுக்கு வருவதில்லை, அட்டை. உள்ளே போகும் எல்லோரையும் சாதி, மதம், பதவி பாராமல் வரவேற்பது அதுதான். உப்பும் புகையிலையும் சுண்ணாம்பும் எதிர் ஆயுதங்கள். கொஞ்சம் தலை நிமிர்ந்தால் விலா எலும்புத் தோலை இறக்கையாக விரித்து மரத்துக்கு மரம் பாயும் பறக்கும் ஓணான். இரவானால் மலபார் பறக்கும் தவளை, குளத்துக்கு மேலே சாய்ந்த கிளையில் நுரைக்கூடு கட்டும்.

காட்டிலிருந்து ஊர் எடுத்துக்கொள்வதில் முக்கியமானது ‘உப்பகெ’, நம் குடம்புளியேதான். மழை மாதங்களில்தான் பழுக்கும். பழத்தோலை வெயிலில் காயவைக்க வழியில்லை, ஆகவே விறகுப் புகையில் உலர்த்த வேண்டும். அதிலுள்ள ஒரு அமிலம் உடல் எடையைக் குறைக்கும் என்று வெளிநாட்டு மாத்திரைக் கம்பெனிகள் நம்பத் தொடங்கியதும் தொண்ணூறுகளில் விலை எகிறியது. எங்கோ ஒரு ஊரில் இடுப்பளவு குறைய வேண்டுமென்பதற்காக இங்கே கிளைகள் வெட்டப்பட்டன, உலர்த்தும் அடுப்புகளுக்கு மரங்கள் எரிந்தன.

2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஆகும்பே காப்புக்காடும், கீழேயுள்ள சோமேஸ்வர வனவிலங்கு சரணாலயமும் அதில் இடம்பெற்றன. வெளியில் கைதட்டல், உள்ளூரில் கலக்கம். இந்த மலைத்தொடரின் பாதுகாப்பு குறித்து மாதவ் காட்கில் குழு 2011-இல் ஓர் அறிக்கை தந்தது. அது கடுமை என்று சொல்லப்பட்டு கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் மற்றொன்று தந்தது. அதன்படி கர்நாடகத்தில் மட்டும் 20,668 சதுர கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலமாகும். மத்திய அரசு வரைவு அறிவிக்கைகளைத் திரும்பத் திரும்ப வெளியிட்டும், 2024 செப்டம்பரில் கர்நாடக அமைச்சரவை அறிக்கையை நிராகரித்தது. சுரங்கத்துக்கும் சிவப்புப் பட்டியல் ஆலைகளுக்கும்தான் தடை, வீட்டுக்கும் தோப்புக்கும் இல்லை என்பது அறிக்கையின் பேச்சு. தலைமுறைகளாகத் தழை வெட்டிய காட்டில் இனி வனத்துறை நோட்டீஸ் ஒட்டும் என்பது ஊரின் அச்சம். குதிரைமுகத்தைத் தேசியப் பூங்காவாக்கியபோது காட்டுக்குள் வாழ்ந்தவர்கள் வெளியேற்ற அச்சத்தோடு வருடக்கணக்கில் அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர் இது. இரண்டாயிரங்களில் இந்த மலைகளில் நக்சல் இயக்கம் வேர்பிடித்ததற்கும் அந்த அச்சம் ஒரு காரணம். 2025 தொடக்கத்தில் கடைசியாக எஞ்சியவர்கள் சரணடைந்ததோடு அந்த அத்தியாயம் முடிந்ததாக அரசு சொல்கிறது. காட்டுக்கும் பட்டாவுக்குமான வழக்கு முடியவில்லை.

கிழக்கே தலைநீட்டும் குந்தாத்ரி மலையை ஒரு வார்த்தையாவது சொல்லாமல் போகக்கூடாது. ஒற்றைப் பாறை மலை, உச்சியில் பார்சுவநாதர் கோயில், பக்கத்தில் சுனை. சமண ஆசாரியர் குந்தகுந்தர் இங்கே தவமிருந்தார் என்பது மரபு. அதே குந்தகுந்தரை வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூர் மலையோடும் சமண மரபு சேர்த்துச் சொல்கிறது. அவரே ஏலாசாரியர், குறளும் அவருடையதே என்று நம் சமணர்கள் சொல்வதுண்டு. ஆய்வாளர்கள் ஒப்புவது வேறு கதை.

காளிங்கன்

கடைசிப் பெயருக்கு வருவோம். ராமுலஸ் விட்டேகர் அமெரிக்காவில் பிறந்து, கொடைக்கானலில் படித்து, சென்னையில் பாம்புப் பண்ணையும் முதலைப் பண்ணையும் உருவாக்கியவர். 1971-இல் ஆகும்பே காட்டில்தான் அவர் தன் முதல் காட்டு ராஜநாகத்தைச் சந்தித்தார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அது அவரை விடவில்லை. 2005-இல் இங்கே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 2008 முதல் பாம்பின் உடலுக்குள் சிறு ஒலிபரப்பியை வைத்துத் தைத்துவிட்டு, அது எங்கெல்லாம் போகிறது என்று நாள்தோறும் காட்டுக்குள் பின்தொடர்ந்தார்கள். ராஜநாகத்தை இப்படிப் பின்தொடர்ந்தது உலகிலேயே அப்போதுதான் முதல்முறை.

அதில் தெரியவந்த ஒன்று நடைமுறைக்கு ரொம்ப முக்கியம். வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்துத் தொலைவில், ‘நல்ல காட்டில்’ விடுவது புண்ணியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி இடம்பெயர்த்த ராஜநாகம் பரிச்சயமில்லாத நிலத்தில் நிலைகொள்ளாமல் அலைந்தது, தன் இடத்தில் வாழ்வதைவிடப் பல மடங்கு தூரம் திரிந்தது. அது வீட்டுக்கு வந்ததே சாரையைத் துரத்திக்கொண்டுதான். அதன் தீனி மற்றப் பாம்புகள். சும்மா விட்டால் வந்த வழி போய்விடும். போகாவிட்டால் பக்கத்திலேயே விட்டால் போதும். ஆகும்பே வட்டாரத்தில் இதை வீடு வீடாகச் சொன்னார்கள். சொல்வது சுலபமாக இருந்ததற்குக் காரணம், ஊரார் ஏற்கெனவே அதைக் கும்பிடுகிறவர்கள். பதினைந்தடிப் பாம்பு கொல்லைப்புறத்தில் ஆளுயரத்துக்குத் தலைதூக்கி நிற்கும்போது கம்பைத் தேடாமல் இருக்கப் பக்தி மட்டும் போதாதுதான், தைரியமும் வேண்டும். இரண்டும் இங்கே இருக்கிறது.

கடித்தால்? இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது. அதற்கான விஷத்தைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருபவர்கள் நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978-இல் அந்தச் சங்கம் உருவானதிலும் விட்டேகரின் கை உண்டு. அந்த நான்கில் ராஜநாகம் இல்லை. ஆகும்பேயில் பணியாற்றிய ஆய்வாளர் பி.கௌரி சங்கரை ஒருமுறை ராஜநாகம் கடித்தபோது, தாய்லாந்தில் தயாரான ராஜநாக மருந்துதான் கிடைத்தது. அது சரியாக வேலை செய்யவில்லை. பிழைத்து எழுந்த மனிதருக்கு ஒரு கேள்வி பிறந்தது. இரண்டும் ஒரே பாம்பென்றால் அங்கத்திய மருந்து இங்கே ஏன் கேட்கவில்லை?

1836-இல் தியோடர் கேன்டர் பெயர் சூட்டியதிலிருந்து, இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை ராஜநாகம் எல்லாம் ஒரே இனம் என்றுதான் பாடப் புத்தகம் சொன்னது. கௌரி சங்கரும் சகாக்களும் பல நாட்டு மாதிரிகளின் மரபணுவையும், அருங்காட்சியகப் பாட்டில்களில் கிடந்த பாம்புகளின் பட்டைகளையும் வருடக்கணக்கில் ஒப்பிட்டார்கள். 2024 அக்டோபரில் முடிவு வெளியானது. ஒன்றல்ல, நான்கு இனங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது தனி இனம்.

புதிய இனத்துக்கு ஓர் அறிஞர் பெயரையோ புரவலர் பெயரையோ வைப்பதுண்டு. இவர்கள் அந்தப் பாம்பை ஆகும்பேயின் மாடு மேய்ப்பவரும் மருந்தடிப்பவரும் என்ன சொல்லி அழைக்கிறார்களோ அதையே வைத்தார்கள்: ஒபியோஃபேகஸ் காளிங்கா. ‘காளிங்க சர்ப்பம்’ என்பது கன்னட நாட்டார் பெயர். கண்ணன் யார் தலையில் ஆடினானோ, அந்தக் காளிங்கன்.

கோடை முடியுமுன் பெண் காளிங்கன், உடலையே வாரியலாக்கிச் சருகுகளைக் கூட்டிக் குவிக்கும். உலகின் பாம்புகளில் இப்படிக் கூடு கட்டுவது ராஜநாகம் மட்டும்தான். குவியலுக்குள் இருபது, முப்பது முட்டைகள். மேலே படுத்துக் காவலிருக்கும். வெளியே ஆகும்பே மழை இறங்கினாலும் சருகின் அடுக்கு நீரை வழித்து விட்டுவிட, உள்ளே முட்டைகள் கதகதப்பாகக் கிடக்கும். ஆராய்ச்சியாளர்கள் சற்றுத் தள்ளி மறைந்திருந்து நாள் எண்ணுவார்கள். தோட்டத்துக்காரர் அந்தப் பக்கம் மருந்தடிக்கப் போவதைத் தள்ளிப்போடுவார். எண்பது, தொண்ணூறு நாள் கழித்து, குஞ்சுகள் வெளிவருமுன் தாய் கிளம்பிவிடும். ஜூலை, ஆகஸ்ட், மழையின் உச்சம். கருப்பு உடலில் வெளிர்ப் பட்டைகளோடு, முழ நீளத்துக்குச் சற்று மேலான குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சருகை விலக்கித் தலைநீட்டும். நாக்கை நீட்டி ஈரக்காற்றைத் தொட்டுப் பார்க்கும். பிறகு ஆளுக்கொரு திசையாகக் கானுக்குள் இறங்கிப் போகும்.